சத்தத்தை அணைத்துவிட்டு

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

டீ கிளாஸைப் பிடித்திருக்கும் கை. பேசிக்கொண்டே மோதிர விரலால் கிளாஸின் விளிம்பைத் தட்டும்.

தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரவு வேலை முடிந்து வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் பொங்கல் பொட்டலம். நவநீதன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனுக்குள் தலையை விட்டிருந்தான். அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

திரையில் அந்த ஆள். சட்டை இளம்பச்சை.

பச்சை என்பதே இப்போதுதான் தெரிகிறது.

ஆபீஸில் பார்த்தபோது அவன் சாம்பல் நிறத்தில் இருந்தான்.

அங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். யாராவது புகார் செய்த வீடியோக்களைப் பார்த்து, வைப்பதா நீக்குவதா என்று முடிவு செய்யும் வேலை. அவளுக்குக் கிடைத்தது தீவிரவாதப் பிரிவு. முதல் வாரத்திலேயே சூட்சுமம் பிடிபட்டுவிடும். நிறத்தை எடுத்துவிட வேண்டும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட வேண்டும். முக்கியமாக, சத்தத்தை அணைத்துவிட வேண்டும். பார்த்ததாவது கொஞ்ச நாளில் மங்கும். கேட்டது வீடு வரைக்கும் கூடவே வரும்.

அப்படிப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

போன மாதம் ஒரு விடியற்காலையில் இந்த ஆள் அவள் திரையில் வந்தான். அவளுக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது.

துப்பாக்கி இல்லை. ரத்தம் இல்லை. கொடிகூட இல்லை. ஒரு நாற்காலி, ஒரு டீ கிளாஸ், சிரித்த முகம். எந்தப் புண்ணியவான் இதற்கெல்லாம் புகார் கொடுக்கிறான் என்று அலுத்துக்கொண்டாள்.

வைக்கலாம் என்று அழுத்தினாள்.

அடுத்தது வந்தது.

வேலை தேடி ஊரிலிருந்து வந்தவன் நவநீதன். ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறான். அவள் வந்து படுக்கும் நேரம் அவன் எழுந்துகொள்ளும் நேரம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

கொஞ்ச நாளாக அவன் பேச்சில் 'அவனுங்க' வர ஆரம்பித்திருந்தது. அவனுங்கதான் எல்லா வேலையையும் பிடுங்கிக்கிட்டானுங்க. அவனுங்கள நாலு பேர வெட்டினாத்தான் சரிப்படும்.

வேலையில்லாதவனின் புலம்பல் என்று விட்டுவிட்டாள். தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றும். வீட்டிலும் சத்தத்தை அணைத்துவிடும் பழக்கம் வந்துவிட்டது.

கதவோரம் அவன் பை தயாராக இருந்தது. சனிக்கிழமை வெளியூரில் ஏதோ முகாம், தெரிந்தவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். போய்விட்டு வரட்டும், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறானே என்று அவளும் சரி சொல்லியிருந்தாள்.

இப்போது அந்தப் பையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தோளைத் தொட்டாள். திடுக்கிட்டவன் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தான்.

"இந்த ஆளு சரியில்லடா நவநீ. இதெல்லாம் பாக்காத."

அவன் சிரித்தான்.

"சரியில்லன்னா நீங்களே தூக்கியிருப்பீங்களேக்கா. எத்தனை பேரு ரிப்போர்ட் அடிச்சானுங்க தெரியுமா? இன்னும் நிக்குதுல்ல?"

குத்திக்காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். அக்கா வேலை பார்க்கும் இடத்தின்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான்தான் விட்டேன் என்று சொல்ல வேண்டும். அழலாம் என்றால் அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

கையை மட்டும் நீட்டினாள்.

அவன் முகம் மலர்ந்தது. ஒரு இயர்போனை அவளிடம் கொடுத்துவிட்டு, அக்காவுக்காக வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான்.

முதல் முறையாக அந்தக் குரலைக் கேட்டாள்.

கத்துகிற குரலாக இருந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். இது வீட்டு மனிதரின் குரல். எந்த அவசரமும் இல்லாத குரல். விரல் கிளாஸைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"சாப்பிட்டியா தம்பி?"

நவநீதன் தலையாட்டினான். திரையைப் பார்த்து. பழக்கத்தில்.

அவள் மடியில் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டலம்தான் வாங்கியிருந்தாள்.