பீற்றிஸின் கைப்பிழை

"இந்த வண்டி எனக்கு வேணாம் மாமா. போற இடமெல்லாம் புகை. ஹோட்டல் வாசலில ஆக்கள் சிரிக்கிறாங்க."

மருமகன் உதயரூபன் முகத்தில் அடித்தாற்போல் இப்படிச் சொன்னதும் இராசதுரை தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருசம் அவர் ஓடிய பழைய இங்கிலீஷ் பைக். கலியாணத்தன்று நாலு பேருக்கு முன்னால் மருமகனுக்கென்று வாக்குக் கொடுத்து, எஞ்சினையும் கழற்றிப் புதிதாகப் பூட்டுவித்தவர்.

"பூட்டினது பொம்புள தானே! புகை அடிக்காம என்ன செய்யும்?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த சாமித்தம்பி.

கிரான் சந்தியில் பத்து வருசமாக வண்டி திருத்தும் கராஜ் நடத்துபவள், அந்த எஞ்சினைப் பூட்டியவள் பீற்றிஸ். அவளுக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சு ஊருக்குள் பரவினால் நாளைக்கு ஒரு வண்டியும் அவளிடம் வராது.

"என்ட கை பிழைக்காது. நிண்டு பாருங்க!"

பிளக்கைக் கழற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கு. சாமித்தம்பி கனைத்தார்.

எஞ்சினுக்குள் அமுக்கம் சரியா என்று மீற்றர் வைத்துக் கம்பிரசன் பார்த்தாள். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. எண்ணெய் மேலேறாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங்ஸில் பிழையில்லை. அக்சிலேற்றரை முறுக்கிப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள். எதற்கும் ஒரே மாதிரிப் புகைதான்.

எஞ்சின் ஓயிலை அளந்தாள். ஒரு கிழமை ஓடியும், அவள் ஊற்றிய அளவு சொட்டும் குறையவில்லை.

அப்படியென்றால் எரிகிற எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

பெற்றோல் டாங்கிக்குள் ஓர் ஈர்க்கை விட்டு எடுத்து விரலால் தடவினாள். வழுவழுத்தது. பழைய ஓட்டோக்களுக்குப் பெற்றோலோடு கலக்கிற ஓயில்!

வண்டி ஒரு கிழமையாக ஒருவன் கையில்தான் இருந்தது. பீற்றிசுக்குக் கொதித்தது. உதயரூபனைக் கராஜுக்குள் கூப்பிட்டாள்.

"டாங்கிக்குள்ள ஓயில் ஊத்தினது நீதானே? மாமனாரிட்டப் புதுப் பைக் கறக்க, என்ட பேரை நாறடிக்கிறியா? இரு, இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்றன்."

"சொல்லாதீங்க அக்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "பாசிக்குடா ஹோட்டல் வேலைக்குப் போக எனக்கு பஸ் இருக்கு. மாமா இப்ப மூணு மைல் நடந்து வயல் பார்க்க வட்டைக்குப் போறார். முழங்கால் வீங்கிப் போயிற்று. நீங்களே வச்சிருங்க எண்டு எத்தின தரம் சொல்லிற்றன். குடுத்த வாக்கைத் திருப்பி வாங்க மாட்டாராம். வண்டி பழுது, எனக்கு வேணாம் எண்டாத்தான் மனிசன் எடுப்பார்."

பீற்றிஸ் வெளியே வந்து, டாங்கியில் இருந்த ஓயில் கலந்த பெற்றோலை முழுக்க வடித்தாள். சாமித்தம்பி சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள, பிழையக் கண்டுபிடிச்சியா?" என்றார் அவர்.

"ஓம், கண்டுபிடிச்சன்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சந்திக்கே கேட்கச் சொன்னாள். "பிழை என்ட கையிலதான். இளசுகள் முறுக்கி ஓடினா புகை அடிக்கும். இராசதுரை அண்ணன் மாதிரி மெல்ல ஓடினா அடிக்காது. வண்டி அவரிட்டயே இருக்கட்டும். அதுக்கென்ன இப்ப?"