பெட்டிக்குள் பச்சை வெளிச்சம்

“ஒரு பொட்டுப் பச்சைகூடத் தெரியல பாருங்க. கிருமியே இல்லாத தண்ணி!” அடிபம்புத் தண்ணீர் பாட்டில் வைத்த கறுப்புப் பெட்டியின் துளையிலிருந்து கண்ணை எடுத்த அசோகனுக்கு வாயெல்லாம் பல்.

எண்ணூரில் அந்தத் தெருவை ஒட்டியிருந்த ரசாயனத் தொழிற்சாலையின் அதிகாரி அவர். அடிபம்புத் தண்ணீரைக் குடிக்க மறுத்த ஜனங்களுக்குத் தொழிற்சாலை தினமும் ஒரு லாரி குடிநீர் அனுப்பிவந்தது. அந்த லாரியை நிறுத்தத்தான் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

தெருப் பெண்களோடு நின்ற ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி நின்றால் அவளுடைய இரண்டு வயது மகள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும்.

“தண்ணில கண்ணுக்கே தெரியாத பொடியப் போட்டுட்டு இன்னா சார் கத வுட்டுகினு கீற?”

“நானோ துகளைப் பத்தி உனக்கென்னம்மா தெரியும்? உயிருள்ள கிருமியில போய் ஒட்டிக்கும். ஊதா விளக்கை அடிச்சா பச்சையா ஒளிரும். கிருமி செத்தா ஒளியும் அணைஞ்சிடும். அவ்வளவு புத்திசாலி.” உங்களைவிட என்று அவர் வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது.

“அது வேல செய்துன்னு நாங்க எப்டி நம்புறது?”

அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார் மகானுபாவர். பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். “ஆய்வகத்துல வளர்த்த கிருமி. உயிரோட இருக்கு.” அதே பம்புத் தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

துளை வழியே பார்த்த ஹெப்சிபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டில் முழுக்கப் பச்சை வெளிச்சம்.

“இப்ப நம்புறியா? வாங்கம்மா, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நாளையிலிருந்து லாரி வராது.”

குடத்தோடு நின்ற பெண்கள் அவர் எடுத்துவைத்த காகிதத்தையும் பேனாவையும் நெருங்கினார்கள். ஹெப்சிபா மட்டும் துளையை விட்டு நகரவில்லை.

“சார், வௌக்க அணைச்சுட்டியா?”

“இல்லையே. ஏன்?”

அவளை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார் அசோகன். ஊதா விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பாட்டிலில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

ஹெப்சிபா பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் செருகினாள்.

“நீ வளத்த கிருமியும் செத்துப்பூடுச்சு சார்!”