மச்சினன் பெட்டி

பாஸ் கிட்டார் அவர் தோளில்தான் தொங்கியது. உறையின் ஜிப்பைக்கூட இன்னும் திறக்கவில்லை. அப்புறம் எப்படி ஸ்பீக்கரில் அவர் வாசிப்பு கேட்கும்?

பாஸ்காரர் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேடையில் அவர் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி. கையில் கிட்டார், காலடியில் ஒரு டிஜிட்டல் ஆம்ப் மாடலர். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஆளுயர ஆம்ப்ளிஃபயரைச் சுமக்காமலே எந்த ஆம்ப்பின் சத்தத்தையும் கொடுத்துவிடும். இப்போது அதில் ஒரு மிதியை அவன் அழுத்த, கிட்டார் சத்தம் கீழ்ஸ்தாயிக்கு இறங்கி பாஸாகவே முழங்கியது.

இசைக்குழுவின் பாடகரும் முதலாளியுமான தலைவர் கைதட்டினார்.

"அடேங்கப்பா! இனிமே பாஸுக்கு ஆளே வேண்டாம் போலிருக்கே!"

"நீங்க வேற, தலைவரே..." என்று சிரித்த மச்சினன், வாசலைப் பார்த்ததும் பட்டென்று மிதியிலிருந்து காலை எடுத்தான்.

தலைவர் நகர்ந்ததும் பாஸ்காரர் மேடையேறினார்.

"என்னடா அது?"

"சும்மாதான் அத்தான். ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு..."

"யாருக்குடா அவசரம்?"

மச்சினன் தரையைப் பார்த்தான்.

பாஸ்காரர் தோளிலிருந்த உறையைக் கழற்றிப் பட்டென்று கீழே வைத்தார். இவனைக் குழுவில் சேர்த்தது யார்? தலைவர் கையைக் காலைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தது யார்? கடைசியில் அவருக்கே ஆப்பா!

அதுவும் எந்த நேரத்தில் பாருங்கள். சில மாதமாகவே அவர் இடது கை விரல்கள் திடீர் திடீரென்று மரத்துப்போகின்றன. யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரிக்குக்கூட. தெரிந்தால் தலைவர் வேறு ஆள் பார்த்துவிடுவார். இந்த வயதில் வேறெந்தக் குழு சேர்த்துக்கொள்ளும்?

நல்லவேளை, இதுவரை மானம் போகவில்லை. மேடையில் விரல் மரத்தாலும் பாஸ் என்னவோ நிற்காமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். 'பழகின கை, உணர்ச்சி இல்லாட்டியும் அது பாட்டுக்கு ஓடுது' என்று தன்னையே மெச்சிக்கொள்வார்.

நிகழ்ச்சிக்கு முன் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

"அத்தான், வரலையா?"

"கம்பி மாத்தணும். நீங்க போங்க."

ஹால் காலியானது. வீட்டில் மச்சினன் ராவும் பகலும் அந்தப் பெட்டியைக் குடைவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அது அத்துப்படி. பாஸ் செட்டிங்கைத் தேடிப் பிடித்தார். 'அழிக்கவா?' என்று கேட்டது திரை.

"அழி, சனியனே!"

போயே போச்சு.

சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, பிரமாதம். மூன்றாவது பாட்டு நடுவில் விரல் மரத்தது. அவர் பதறவில்லை. ஓடும், கை தானாக ஓடும்.

ஓடவில்லை.

பாட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஐயோ என்று குனிந்து பார்த்தார். விரல்கள் கம்பி மேல் செத்துக் கிடந்தன.

அந்தப் பக்கம் மச்சினன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். பார்த்த வேகத்தில் மிதியை அழுத்தினான். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினான். ம்ஹூம்.

பாஸ்காரர் அந்த மிதியையே பார்த்தார். அப்படியானால் இத்தனை நாள் ஓடியது அவர் கை இல்லையா?

தலைவர் பாடிக்கொண்டே திரும்ப ஆரம்பித்தார். இன்னும் அரை விநாடியில் அந்த அசையாத கையைப் பார்த்துவிடுவார்.

சட்டென்று மச்சினன் தன் கிட்டாரின் சத்தத்தையும் திருகி அணைத்தான். பாட்டு அந்தரத்தில் நின்றது. மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் மன்னிக்கணும். என் பெட்டியில கோளாறு, பாஸையும் சேர்த்து நிறுத்திடுச்சு. தப்பு என்னோடது."

ஹாலில் விசில், ஊளை, சிரிப்பு. அது அடங்குவதற்குள் பாஸ்காரர் விரலை உதறி உதறி உயிர் வரவைத்துவிட்டார். எப்படியோ நிகழ்ச்சி முடிந்தது.

மேடைக்குப் பின்னால் தலைவர் எரிமலையாக நின்றார்.

"அந்தப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பு! நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

மச்சினன் ஒயரைச் சுருட்டினான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பாஸ்காரருக்கு வேலை மிஞ்சும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் தலைவர் முன்னால் போய் நின்றார்.

"தலைவரே, கொஞ்சம் இருங்க. பெட்டியில கோளாறு இல்ல. நின்னது என் கை. மரத்துப்போகுது. இவன்தான் இத்தனை நாளா அந்தப் பெட்டியை வச்சு என்னைக் காப்பாத்தியிருக்கான். அது தெரியாம நான்... நான்தான் அந்த செட்டிங்கை அழிச்சேன்."

தலைவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்காரரால் மச்சினனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "பாவிடா நான். உன் பெட்டியில கை வச்சுட்டேன்."

"மிதி வேலை செய்யாதப்பவே தெரியும் அத்தான். நாங்க டீ குடிக்கப் போனப்ப உள்ளே இருந்தது நீங்க ஒருத்தர்தானே?"

"தெரிஞ்சுமாடா பழியை உன் மேல போட்டுக்கிட்டே?"

மச்சினன் ஒயரைக் கீழே வைத்துவிட்டு, அவர் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவ ஆரம்பித்தான்.

"அதை விடுங்க. விரல்ல இப்ப உணர்ச்சி இருக்கா?"