நீர் வற்றிய மதியம்

கடலில்லாத ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த எமல்டாவுக்குத் தெரிந்ததெல்லாம், பௌர்ணமியன்று நீர் மிக உயரமாக ஏறும் என்பதுதான். அதனால்தான் அன்று விடியற்காலையில், ஓரகத்தி ரெஜினாவின் கைத்தையல் மிஷினைத் தன் பழைய மஞ்சள் சேலைக் கிழிசலால் கட்டித் தூக்கிப்போய், தோணித்துறையின் நுனியிலிருந்து கடலுக்குள் போட்டாள். ரெஜினாவின் கைவேலையை வீடே புகழ்வதை இனிக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு நீரையும் இங்கே திரட்டிய நிலா, ஆறு மணி நேரத்தில் அதை இன்னொரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மதியம் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிட, சேற்றின் நடுவே மிஷின் நிமிர்ந்து நின்றது.

மட்டிச் சிப்பி பொறுக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். “ஏளா, யாரு இது கடலுக்குள்ள தையல்கடை போட்டது? மீனுக்கு ரவிக்கையா?”

எமல்டாவோடு அவர்கள்கூட வந்திருந்த ரெஜினா சிரிக்கவில்லை. குனிந்து, மிஷினின் கைப்பிடியில் இருந்த மஞ்சள் கிழிசலின் முடிச்சை அவிழ்த்தாள். மற்றவர்கள் கிட்டே வருமுன் அந்த ஈரத் துணியை எமல்டாவின் உள்ளங்கையில் திணித்தாள்.

“ஒரு பக்கம் பிடிங்கக்கா. தண்ணி ஏறுததுக்குள்ள வீட்டுக்குப் போயிருவோம்.”

இருவரும் தூக்கி நடந்தார்கள். எமல்டாவின் மூடிய கையிலிருந்து வீடுவரைக்கும் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.