மிளகாய்ப் பொட்டலம்

"வாயிலிருந்து கையை எடும்மா" என்று மறுபடியும் சொன்னார் டாக்டர் கோங்.

பதினைந்து வயது நிங் எடுக்கவில்லை. எலும்பு வலிக்கு வந்தவளின் வாய் இவருக்கு எதற்கு என்று அவளுடைய தாய் ஷூஃபென்னுக்கும் விளங்கவில்லை.

சீனாவின் குய்சோ மலையூரிலிருந்து இறங்கி வந்து அவர்கள் ஏறிய மூன்றாவது மருத்துவமனை இது. வளர்கிற வயதில் வலிக்கத்தான் செய்யும் என்றார் முதல் மருத்துவர். பரீட்சைக்குப் பயந்த நடிப்பு என்று சிரித்தார் அடுத்தவர். குந்தி உட்காரக்கூட முடியாத பெண்ணைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தார். நோய்க்கு ஒரு பெயர் எழுதி வாங்கி வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகப் பள்ளியும் சொல்லிவிட்டது.

நிங் கையை இறக்கினாள். பற்களெங்கும் பழுப்புத் திட்டுகள்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் பல்லு இப்படித்தான் டாக்டர். அதைக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் ஷூஃபென்.

மிளகாயை எங்கே உலர்த்துகிறீர்கள் என்று அவர் கேட்டார்.

ஷூஃபென்னின் முகம் மலர்ந்தது. அவருக்கென்றே கொண்டுவந்திருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். மழை விடாத ஊரில் வெயிலை நம்ப முடியுமா? நிலக்கரி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, குளிர்காலம் முழுவதும் புகையில் காய்ந்த மிளகாய். சோளமும் அங்கேதான். வலிக்கு இதமாக இருக்கட்டுமென்று மகளின் கட்டிலையும் அடுப்பருகே மாற்றி, சன்னல் இடுக்குகளில் தாள் ஒட்டி அடைத்திருந்தாள்.

டாக்டர் பொட்டலத்தைத் தொடவில்லை.

"அந்தக் கரியில ஃப்ளோரைடுன்னு ஒரு விஷம் இருக்கும்மா. புகையோட வந்து மிளகாயில படியுது. மொதல்ல பல்லைப் பிடிக்கும். அப்புறம் எலும்பை."

ஷூஃபென் பதறிப்போய்ப் பொட்டலத்தை மகளருகிலிருந்து இழுத்தாள். அது தரையில் விழுந்தது.

நிங் குனிய முயன்று, சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"நீ விடுடி, நான் எடுக்கறேன்."

மேசையின் காலைப் பற்றிக்கொண்டாள் ஷூஃபென். முதுகு பாதிக்குமேல் வளையவில்லை. பொட்டலத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வயதாகிவிட்டது என்று சிரித்தாள். அவளுடைய பற்களும் பழுப்பு.

எக்ஸ்ரேவுக்கு இன்னொரு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வயதைக் கேட்டார் டாக்டர்.

"பதினஞ்சுன்னு சொன்னேனே."

"உங்க வயசு."

முப்பத்தாறு.