கண்ணாடிக்கடைக்காரர் நடித்த பாட்டு

“சார், காலையிலேருந்து எங்க வீட்டு டிவியில நீங்கதான் ஓடிக்கிட்டிருக்கீங்க!”

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மாள் இப்படிச் சொல்ல, துடைத்துக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் கண்ணாடிக்கடைக்காரர் கீழே விடப் பார்த்தார்.

“நானா?”

“பின்னே? உங்க பொண்ணு பாட்டுல! எங்க வீட்டுக்காரர் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்து அழறாரு. ‘எங்கப்பா ஒரே ஒரு நாள் எனக்கு இப்படிச் செஞ்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்’னு ஒரே புலம்பல்.”

கண்ணாடிக்கடைக்காரருக்குக் காதுமடல் சுட்டது. சிரித்த முகத்தோடு ஒரு மனிதனைக் காறித் துப்ப இதைவிட நாசூக்கான வழி கிடையாது என்று நினைத்துக்கொண்டார்.

போன வாரம் நடந்தது இதுதான். தலைவலி என்று கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, பகலிலேயே வீட்டுக்குப் போய் உள்ளறையில் படுத்துவிட்டார். அவர் படுத்திருப்பது தெரியாமல் மகளும் அவளுடைய ராக் குழுவும் ஹாலை ஆக்கிரமித்துத் தங்கள் முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர் கதவருகிலேயே திகைத்து நின்றார்.

கழுத்தில் கிதாரோடு மகள் எந்தப் பாஷையிலும் சேராத எதையோ பாடிக்கொண்டிருந்தாள். டிரம்ஸ் அடிப்பவன் வாயிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் டம்ளருக்குள் துப்பிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, அவர் வீட்டுப் பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவலி, கோபமாகத் தலைக்கேறியது. மகளின் கழுத்திலிருந்து கிதாரைக் கழற்றினார். கையைப் பிடித்து விறுவிறுவென்று வாசல்வரை கூட்டிப்போய் வெளியே விட்டார். கிதாரையும் அவள் கையில் கொடுத்து, “இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே!” என்று கதவை அறைந்து சாத்தினார்.

திரும்பிப் பார்த்தால், கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேமராக்காரன் அதை வாரி அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டான்.

அன்றைக்கு அத்தை வீட்டுக்குப் போன மகள் இன்னும் வரவில்லை. போனும் எடுப்பதில்லை. டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லாததால், தினமும் அவரே ஜெயித்து, ஜெயித்த கையோடு டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க இன்னும் பாக்கவே இல்லையா?” என்றாள் உதவிப் பெண்.

“என் மானம் போறதை நானே வேற உக்காந்து பாக்கணுமா?”

“ஐயோ சார், சூப்பரா இருக்கீங்க!”

“நீயுமா?”

வாசலில் தலைகாட்டிய தபால்காரர், “பெத்தா உங்கள மாதிரி பெக்கணும் சார், வளத்தா உங்கள மாதிரி வளக்கணும்!” என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக்கடைக்காரருக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அக்காவிடமிருந்து போன் வந்தது.

“டேய்! பெரிய நடிகராயிட்டே போலிருக்கு. இனிமே எங்களையெல்லாம் கண்டுக்குவியா?”

“அக்கா, நீயும் குத்தாதே. பாப்பா சாப்பிட்டாளா?”

“அவளுக்கென்ன, காலையிலேருந்து தரையில கால் பாவலை. ஆனா ஒண்ணு சொல்றேன். மத்த பசங்க எல்லாம் ‘வேணாம், அங்கிள் கோவிச்சுப்பார்’னுதான் சொன்னாங்க. எங்கப்பாவைப் போட்டே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னது இவதான்.”

போனை வைத்தார். அவள்தானா? ஊரே பார்த்துச் சிரிக்கட்டும் என்று விடுகிற அளவுக்கா கோபம்? தகப்பனை அவ்வளவு வெறுத்துவிட்டவள் இனி எங்கே வரப்போகிறாள்?

“குடும்மா, பாத்துத் தொலைக்கிறேன்” என்று உதவிப் பெண்ணின் போனை வாங்கினார். பாட்டின் பெயர், ‘உள்ளே வா’. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதைப் பாதி திறந்துகொண்டு பார்த்தார்.

அவர் வீட்டு ஹால். டம்ளரிலிருந்த தண்ணீர் தானாக எழும்பி டிரம்ஸ்காரன் வாய்க்குள் போனது. தரையில் சிதறிக் கிடந்த சில்லுகள் ஒன்றுகூடி முழுத் தட்டாகி, ஜிவ்வென்று பறந்துபோய் மேசைமேல் நின்றவள் கையில் உட்கார்ந்தன. மகள் ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகப் பாடினாள்.

அவருடைய இரண்டாவது கண்ணும் திறந்துகொண்டது.

பாட்டின் கடைசியில் சாத்தியிருந்த வாசல் கதவு வந்தது. அது படாரென்று திறந்தது. வெளியே நின்ற மகளின் கையிலிருந்து கிதாரை வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்குள் அழைத்துவந்து, கிதாரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, பின்பக்கமாகவே நடந்து உள்ளறைக்குள் போய்ச் சேர்ந்தார் ஒரு தகப்பனார்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்.

“பாத்தீங்களாப்பா? எல்லாம் நீங்க செஞ்சதுதான். நாங்க ஒவ்வொரு காட்சியையும் கடைசியிலேருந்து முதலுக்கு ஓட விட்டோம், அவ்வளவுதான்! அடுத்த பாட்டுக்கும் நீங்கதான் வந்து என்னை வெளியே துரத்தணும்னு பசங்க கெஞ்சறாங்கப்பா... வருவீங்களா?”

கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்ன கலர் சட்டை போட்டுக்கட்டும்?”