காலி நாற்காலி

காய்ச்சல் விட்ட மறுநாளே அமிர்தவல்லி பெரம்பூர் முதியோர் மன்றத்துக்குக் கிளம்பினாள். தெருமுனைக் கடையில் கேரம் தோழிகளுக்காகச் சூடாக மெதுவடை வாங்கிக்கொண்டாள்.

மன்றத்தில் யாராவது வராவிட்டால், அவரைப் போலவே முகமும் குரலும் கொண்ட ஒரு மாற்று வந்து உட்காரும், ஆட்டம் நிற்கக்கூடாதே. இன்று அமிர்தவல்லியின் நாற்காலியில் அவளுடைய மாற்று, மூக்குத்தி மின்னச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஜூலியட், நான்தான் வந்துட்டேனே. அதை எழுந்துக்கச் சொல்லு."

நெடுநாள் தோழி ஜூலியட் தயங்கினாள். "இருக்கட்டுமே அமிர்தம். இது தோத்தாலும் கோவிச்சுக்கறதில்ல. நாம பேசறத காது குடுத்துக் கேக்குது."

மாற்று நிமிர்ந்து பார்த்தது. "உடம்பு தேவலையாக்கா?" என்று அமிர்தவல்லியின் குரலிலேயே விசாரித்தது.

அமிர்தவல்லி வாசல் பக்கம் பார்த்தாள். திரும்பிப் போகலாம், ஆனால் வீட்டில் பேச ஆளில்லை.

எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போன வாரம் இறந்துபோன மெஹருன்னிசாவின் இடம். அவளுக்கான மாற்று இன்னும் வந்து சேரவில்லை.

அமிர்தவல்லி வடைப் பொட்டலத்தை வைத்துவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலியட்டின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா மெஹரு! உன் ஆட்டம்தான், அடி."

அமிர்தவல்லி ஸ்ட்ரைக்கரை எடுத்தாள்.